இயந்திரங்களுக்கு ஓர் உறை



பொறியியற் கல்லூரியிலோ தொழிற்பயிற்சி நிலையத்திலோ பயிலும் உங்களுள் சிலர், புதிய டிரில் பிட் அல்லது மில்லிங் கட்டர் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது, அதன்மேல் பழத்தோல் போன்ற ஒரு தடித்த சவ்வு ஒட்டியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். நகத்தால் கீறி இழுத்தால் அது உரிந்து வந்துவிடும். உள்ளே கருவி எண்ணெய் மினுக்குடன் பளபளக்கும். உரித்த தோலைக் குப்பையில் எறிந்துவிட்டு வேலையைத் தொடங்குவோம். எறியப்படும் அந்தத் தோலுக்கும், அதன் இனத்தைச் சேர்ந்த பிற பிளாஸ்டிக் உறைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போரின்போது கப்பல் தளங்களிலும் தீவுகளின் கடற்கரைகளிலும் நிகழ்ந்தது. அதனையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

முதலில் துருவைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். பள்ளிக்கூடங்களில் ஆண்டுதோறும் செய்து காட்டும் ஒரு சோதனை உங்களுக்கு நினைவிருக்கும். மூன்று சோதனைக் குழாய்கள். மூன்றிலும் ஓர் இரும்பாணி. முதற் குழாயில் சாதாரண நீர். இரண்டாவதில் கொதிக்கவைத்துக் காற்று நீக்கிய நீரும், அதன்மேல் ஓர் எண்ணெய்ப் படலமும். மூன்றாவதில் நீர் இல்லை. காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் கால்சியம் குளோரைடு மட்டும் இருக்கும். ஒரு வாரம் சென்றபின் பார்த்தால் முதற் குழாயின் ஆணி மட்டுமே துருவேறியிருக்கும். நீரும் பிராணவாயுவும் சேர்ந்து வந்தால்தான் துரு உண்டாகும் என்பது இதனால் விளங்கும்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மாணவர்க்குச் செய்து காட்டிய சோதனைதான் இது. நல்ல சோதனை. ஆயினும் இதில் ஒரு குறை உண்டு. துருவுக்கு வேண்டிய நீர், குழாயில் நிற்கும் நீரைப்போலக் கண்ணுக்குத் தெரிவதாக இருக்கும் என்று மாணவன் எண்ணிக்கொள்கிறான். உண்மையில் அறைக்குள்ளே, மழைபடாத இடத்திலே, காய்ந்ததாகத் தோன்றும் இரும்பின்மேலும் காற்றின் ஈரம் மிக மெல்லிய படலமாகப் படிந்திருக்கிறது. துருவுக்கு அதுவே போதும்.

அந்தப் படலம் எப்போது தீங்கு செய்யும் அளவுக்குத் திரள்கிறது? இங்கிலாந்தில் டபிள்யூ. எச். ஜே. வெர்னன் என்னும் விஞ்ஞானி 1920களிலும் 1930களிலும் இக்கேள்வியை ஆராய்ந்தார். காற்று கொள்ளக்கூடிய ஈரம் முழுவதையும் நூறு என வைத்துக்கொண்டால், அதில் ஏறத்தாழ 60 பங்குக்குக் கீழே இருக்கும்வரை இரும்பு மிக மெதுவாகவே கெடுகிறது. அவ்வெல்லையைத் தாண்டியதும் துரு விரைந்து ஏறுகிறது. காற்றில் புகையும் கந்தகவாயுவும் கலந்திருந்தால் இந்த வேகம் இன்னும் மிகும். அவருடைய மற்றொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. மஸ்லின் என்னும் மெல்லிய துணியால் ஒரு கூண்டு செய்து, அதற்குள் ஓர் இரும்புத் தகட்டைத் தொங்கவிட்டார். அதே அறையில், கூண்டுக்கு வெளியே மற்றொன்றைத் தொங்கவிட்டார். வெளியே தொங்கியது துருப்பிடித்தது. உள்ளே தொங்கியது பல மாதம் பளபளப்பாகவே இருந்தது. துணி ஈரக்காற்றைத் தடுக்கவில்லை; தூசியை மட்டுமே தடுத்தது. தூசித் துகள் ஒவ்வொன்றும் ஈரத்தைப் பிடித்து வைக்கும் சிறு பஞ்சு என்பது இதனால் தெரிந்தது. இரும்பைக் காக்க இரும்பு உறை வேண்டியதில்லை என்பதும் தெரிந்தது.

வீட்டு ஜன்னல் கம்பியில் சிறிது துரு ஏறினால் தேய்த்து வண்ணம் பூசிவிடலாம். பேரிங்கின் குண்டுகளுக்கு அது செல்லாது. ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குக்கும் குறைந்த பிசகுகூட இல்லாமல் கடைந்த உறுப்புகள் அவை. அவற்றின்மேல் ஊசிமுனையளவு குழி விழுந்தாலும், சுழலும்போது அதே இடத்தில் மீண்டும் மீண்டும் அடிபட்டு எஃகு வெடிக்கத் தொடங்கும். வெறும் கையால் தொட்டாலே போதும். வியர்வையிலுள்ள உப்பினால் விரல்ரேகையின் வடிவிலேயே துரு படிவதுண்டு. பேரிங் தொழிற்சாலைகளில் கையுறை அணிவிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிளாஸ்டிக் வருமுன் இவற்றை எவ்வாறு காத்தனர்? கொழுப்பும் எண்ணெயும் தடவினர், மெழுகுத்தாளில் சுற்றினர், உயர்ந்த பொருளானால் தகர உட்பூச்சிட்ட மரப்பெட்டியில் வைத்துப் பற்றவைத்தனர். அமெரிக்கப் படையினர் காஸ்மோலின் என்னும் பழுப்பு நிறக் கெட்டிப் பசையைப் பயன்படுத்தினர். பெட்ரோலிய எண்ணெயிலிருந்து கிடைக்கும் பொருள் அது. துப்பாக்கியோ இயந்திர உறுப்போ எதுவாயினும் அதில் அமிழ்த்தி எடுத்தால் நெடுங்காலம் துரு அணுகாது. காக்கும் திறத்தில் அதனைக் குறைகூற இடமில்லை. அதனை நீக்குவதுதான் பெரும்பாடு. மண்ணெண்ணெயாலும் வெந்நீராலும் ஒவ்வொரு சந்திலிருந்தும் அதனைக் கழுவியெடுத்தாக வேண்டும். ஒரு துப்பாக்கிக்கு அது சலிப்பூட்டும் வேலை. ஆயிரக்கணக்கான உறுப்புகள் கொண்ட ஒரு விமான எஞ்சினுக்கோ அது நாட்கணக்கில் நீளும் வேலை.

1942 ஆகஸ்டில் அமெரிக்கப் படைகள் பசிபிக் கடலிலுள்ள குவாடல்கனால் தீவில் இறங்கின. அங்கும் அடுத்தடுத்த தீவுகளிலும் துறைமுகமோ கிடங்கோ இல்லை. கப்பலிலிருந்து இறக்கிய பெட்டிகள் மணலிலேயே கிடந்தன. நாள்தோறும் மழை, ஓயாத உப்புக்காற்று, வெப்பநாட்டுப் பூஞ்சணம் வேறு. அட்டைப் பெட்டிகள் நைந்து பிரிந்தன. உள்நாட்டு இரயிற்பாதையை மனத்தில் கொண்டு கட்டிய மூட்டைகள் அவ்விடத்தைத் தாங்கவில்லை. தொழிற்சாலை எவ்வளவு நேர்த்தியாகச் செய்து அனுப்பினாலும், துருவேறிய எஞ்சினைக் கொண்டு விமானம் பறக்காது. பறக்கவேண்டிய விமானம் தரையில் நின்றால், அதனை நம்பிக் காட்டுக்குள் இருப்பவன் உயிருக்கு ஆபத்து. எனவே, யாரும் பெரிதாக எண்ணாத கட்டுமானக் கலை திடீரென்று போர்க்கலையின் ஒரு பகுதியாயிற்று.

அப்போது கைக்கு உதவியது பிலியோஃபிலிம் என்னும் கண்ணாடி போன்ற மெல்லிய தாள். அமெரிக்காவின் குட்இயர் நிறுவனம் 1930களில் இதனை வெளியிட்டிருந்தது. இயற்கை ரப்பரோடு ஹைடிரோகுளோரிக் அமிலவாயுவைச் சேர்த்துச் செய்தது; நீர் புகாதது; ஓரங்களைச் சூட்டினால் ஒட்டிக்கொள்வது. போருக்கு முன் உணவுப் பண்டங்களுக்கு உறையாக இருந்த இத்தாளைக்கொண்டு விமான எஞ்சின் முழுவதையும் மூடக்கூடிய பெரும் பைகள் தைக்கப்பட்டன. 1944 ஜூன் 6ஆம் நாள் நார்மண்டிக் கரையில் கடலுக்குள் குதித்து நடந்த வீரர் பலர் தம் துப்பாக்கிகளை இதே தாளுறையில் இட்டுத் தலைக்குமேல் தூக்கிச் சென்றனர். அக்காலப் புகைப்படங்களில் அந்த உறை பளபளப்பதை இன்றும் காணலாம்.

இவ்விடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அந்நாளில் அமெரிக்காவுக்குச் சென்ற ரப்பரில் பெரும்பகுதி மலேயாவிலிருந்தும் அதனை அடுத்த தீவுகளிலிருந்தும் சென்றது. மலேயாத் தோட்டங்களில் மரம் சீவிப் பால் எடுத்தவருள் தமிழர் பெருந்தொகையினர். 1942 தொடக்கத்தில் ஜப்பான் மலேயாவைக் கைப்பற்றியதும் அந்த வரத்து நின்றுபோயிற்று. கையிருப்பிலிருந்த ரப்பரை எண்ணி எண்ணிச் செலவிடும் நிலை அமெரிக்காவுக்கு வந்தது. டயருக்கே தட்டுப்பாடு இருந்த காலத்தில், எஞ்சினைச் சுற்றும் உறைக்கும் ரப்பர் ஒதுக்கினார்கள் என்றால், துருவுக்கு அவர்கள் எவ்வளவு அஞ்சினார்கள் என்பதை நீங்களே உணரலாம்.

நீர் புகாத பை கிடைத்துவிட்டது. இனிக் கவலையில்லை என்றுதானே தோன்றும்? அங்கேதான் ஒரு பெரிய இடர் இருந்தது. பையை மூடும்போது எஞ்சினோடு சேர்த்துச் சிறிது காற்றையும் மூடிவிடுகிறோம். அக்காற்றில் ஈரம் உண்டு. ஒரு கன மீட்டர் காற்று 30 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான் தாங்கும். பகலில் 30 டிகிரியில், நூற்றுக்கு 80 பங்கு ஈரமுள்ள காற்றை அடைத்தோம் என்று கொள்ளுங்கள். அதில் 24 கிராம் நீராவி இருக்கும். இரவில் கப்பலின் அடித்தளம் 20 டிகிரிக்குக் குளிர்ந்தால், மிஞ்சிய 7 கிராம் எங்கே போகும்? பனித்துளியாகி எஞ்சினின்மேல் படியும். ஒரு தேக்கரண்டிக்கும் அதிகமான நீர் அது. பை இல்லையேல் காலையில் காற்றடித்து உலர்ந்துவிடும். பை இருப்பதால் வெளியேற வழியின்றி உள்ளேயே சுழன்று மீண்டும் மீண்டும் படியும். நீரை வெளியே நிறுத்த வந்த உறை, நீரை உள்ளே சிறைவைத்துவிடும். அரைகுறையாக மூடிய உறையைவிட உறையே இல்லாமலிருப்பது மேல் என்று இத்துறையினர் கூறுவது வேடிக்கைக்காக அன்று.

இதற்கு மாற்று மருந்து, மணல் போன்ற ஒரு பொருளிலிருந்து கிடைத்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த வால்ட்டர் பேட்ரிக், சிலிக்கா ஜெல் என்னும் பொருளைச் செய்யும் முறைக்கு 1919இல் காப்புரிமை பெற்றிருந்தார். பார்வைக்குக் கண்ணாடி மணி; உள்ளேயோ எண்ணற்ற நுண்துளைகள். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை அது இழுத்து வைத்துக்கொள்ளும். சூடேற்றினால் ஈரத்தை விட்டுவிட்டு மீண்டும் வேலைக்கு வரும். இன்று புதுக் காலணிப் பெட்டியிலும் மருந்துப் புட்டியிலும் சிறு பொட்டலமாகக் கிடப்பது அதுவே. எஞ்சினோடு பைக்குள் சிலிக்கா ஜெல் மூட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டு, காற்றைக் கூடியமட்டும் உறிஞ்சியெடுத்துவிட்டு, வாயைச் சூட்டினால் ஒட்டினார்கள். உள்ளேயிருக்கும் காற்றின் ஈரம் வெர்னன் கண்ட எல்லைக்கு வெகு கீழே போய்விடும். பசை தடவிக் கழுவும் பாடு பெரும்பாலும் ஒழிந்தது.

புகழெல்லாம் பிளாஸ்டிக் தாளுக்குப் போயிற்று. என்னைக் கேட்டால், பாதிக்கு மேல் அந்த மணிகளுக்கே உரியது என்பேன். ஏனெனில் எந்தப் பிளாஸ்டிக் தாளும் நீராவியை முற்றிலும் தடுத்து நிறுத்துவதில்லை. நீர்த்துளி நுழையாத தாளிலும் நீராவி மெல்லமெல்லக் கசிந்து நுழையும். அதனால்தான் ஒரு பைக்கு எவ்வளவு சிலிக்கா ஜெல் வேண்டும் என்று கணக்கிடும்போது, பையின் மேற்பரப்பு எவ்வளவு என்பதை முதன்மையாகக் கொள்கிறார்கள். பொருள் அசையாதிருக்க உள்ளே வைக்கும் மரக்கட்டை, அட்டை, பஞ்சு முதலியவற்றின் எடைக்கும் தனியே சேர்க்கிறார்கள். பச்சை மரக்கட்டை ஒன்றை உள்ளே வைத்து மூடினால், அதிலுள்ள ஈரமே மணிகளை நிரப்பிவிடும் அன்றோ? பிற்காலத்தில் பிளாஸ்டிக் தாளோடு அலுமினியத் தகட்டையும் சேர்த்து ஒட்டிய உறைகள் வந்தபின் கசிவு பெரிதும் குறைந்தது.

பையைப் பிரிக்காமல் உள்நிலையை அறிய ஒரு சிறு அட்டை உதவிற்று. கோபால்ட் குளோரைடு தோய்த்த தாள் உலர்ந்திருக்கையில் நீலமாகவும் ஈரம்பட்டால் இளஞ்சிவப்பாகவும் இருக்கும் என்பதை வேதியியல் வகுப்பில் படித்திருப்பீர்கள். அந்த அட்டையைப் பையின் கண்ணாடிப் பகுதிக்கு நேரே வைத்துவிட்டால், கிடங்குக் காவலன் நடந்துகொண்டே பார்த்துச் செல்லலாம். நீலமானால் அப்படியே விடலாம்; சிவந்தால் பிரித்து மணியை மாற்றவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவனும் படிக்கக்கூடிய கருவி! கோபால்ட் உப்பு உடல்நலத்துக்குத் தீங்கானது என்று தெரிந்தபின் பல இடங்களில் வேறு நிறப்பொருள்கள் அதன் இடத்தைப் பிடித்துள்ளன.

தொடக்கத்தில் நான் குறித்த பழத்தோலுக்கு இப்போது வருவோம். பற்சக்கரம், துளையிடும் அலகு போன்ற சிறு உறுப்புகளுக்குப் பையும் மணியும் மிகையான செலவு. அவற்றுக்கு எத்தில் செல்லுலோஸ் என்னும் பிளாஸ்டிக் பயன்பட்டது. மரத்தின் நார்ப்பொருளிலிருந்து செய்யப்படுவது அது. அதனோடு கனிம எண்ணெய் கலந்து, சுமார் 190 டிகிரி வெப்பத்தில் உருக்கி, உறுப்பை ஒரு கம்பியில் கட்டி அதனுள் முக்கியெடுத்தால் தடித்த தோல் படிந்துவிடும். குளிர்ந்ததும் அத்தோலிலிருந்து எண்ணெய் சிறிது உட்புறமாகக் கசிந்து உலோகத்தை நனைத்து நிற்கும். அதனால் தோல் உலோகத்தில் ஒட்டுவதில்லை, துருவும் அணுகுவதில்லை. கூரிய முனை மழுங்காமலும், எடுப்பவன் கையைக் கிழிக்காமலும் காப்பது கூடுதல் நன்மை. உரித்தெடுத்த தோலை மீண்டும் உருக்கி வேறோர் உறுப்புக்குப் போர்த்தவும் முடியும்.

சரானின் கதையையும் சிலர் கேட்டிருக்கலாம். டௌ கெமிக்கல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த ரால்ஃப் வைலி என்னும் இளைஞர் 1933இல் ஒரு குப்பியைக் கழுவ முடியாமல் திண்டாடியதில் அகப்பட்ட பொருள் அது. போர் விமானங்களின்மேல் கடலுப்பு படாமலிருக்க அதனைத் தெளித்தார்கள். அதே 1933இல் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் கிப்சன், ஃபாசெட் இருவர் கையில் பாலிதீன் பிறந்தது. போர்க்காலத்தில் அது ராடார்க் கம்பிகளுக்கே தேவைப்பட்டதால், உறைத்தாளாக நம் கைக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின.

போருக்குப்பின் உறையின் வரலாற்றில் புதியதோர் எண்ணம் நுழைந்தது. ஈரத்தை உறிஞ்சுவதற்கு மாறாக, ஈரம் இருந்தாலும் அது தீங்கு செய்யாதபடி தடுத்தால் என்ன? அமெரிக்காவில் ஷெல் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் ஆரன் வாக்டரும் அவருடைய துணைவரும் இவ்வழியில் உழைத்து 1940களில் பயன்கண்டனர். 1951இல் விரிவான கட்டுரையும் வெளியிட்டனர். அவர்கள் எடுத்துக்கொண்டது டைசைக்ளோஹெக்சைல் அமோனியம் நைட்ரைட் என்னும் நீண்ட பெயருடைய உப்பு. பாச்சை உருண்டை துணிப்பெட்டிக்குள் கரைவதுபோல, இதுவும் மிக மெதுவாக ஆவியாகிப் பெட்டிக்குள் பரவும்; இரும்பின் முகத்தில் படிந்து துருவின் மின்வேதி வினையைத் தடுக்கும். தூரிகை எட்டாத துளைக்குள்ளும் ஆவி எட்டும் என்பதே இதன் தனிச்சிறப்பு. முதலில் தாளில் பூசினர். பின்னர் இவ்வகை ஆவித்தடுப்பிகளைப் பாலிதீன் தாளுக்குள்ளேயே கலந்து வார்த்தனர். இரும்புக்கு நண்பனான இந்த உப்பு துத்தநாகம், மக்னீசியம் முதலிய சில உலோகங்களுக்குத் தீங்கு செய்வதுண்டு. பல உலோகங்கள் கலந்த ஓர் இயந்திரத்தை மூடுமுன் இதனை ஆராய்ந்தே ஆகவேண்டும்.

போர் முடிந்ததும் அமெரிக்கக் கடற்படையிடம் தேவைக்கு மிஞ்சிய கப்பல்கள் குவிந்து கிடந்தன. 2,000க்கும் மேற்பட்டவற்றை உடைக்காமல் ஒதுக்கி வைத்தார்கள். கப்பலின் உட்புறங்களை அடைத்து, உலர்த்தும் இயந்திரங்களால் உள்காற்றின் ஈரத்தைக் குறைத்து வைத்தார்கள். மேல்தளத்திலிருந்த பீரங்கிகள் சிலவற்றுக்கும் கருவிகளுக்கும் பிளாஸ்டிக் கூடு கட்டினார்கள். நாடாக்களால் ஒரு சட்டம் பின்னி, அதன்மேல் ஒரு வினைல் கரைசலை முதலில் தெளிப்பார்கள். அது காற்றிலேயே நூலாகி, சிலந்தி வலைபோல் நாடாக்களிடையே படரும். வலை அமைந்தபின் அடுத்தடுத்துப் பூச்சுகள் தெளித்துத் தோலாக்குவார்கள். உள்ளே சிலிக்கா ஜெல். பக்கத்தில் நிற அட்டையைப் பார்க்க ஒரு சிறு கண்ணாடிச் சாளரம். பட்டுப்புழுவின் கூட்டுக்குரிய பெயரையே இதற்கும் சூட்டினார்கள். நியூ ஜெர்சி என்னும் பெரும் போர்க்கப்பல் 1948 ஜூனில் இவ்வாறு ஒதுக்கி வைக்கப்பட்டது. கொரியப் போர் மூண்டதும் 1950 நவம்பரில் மீண்டும் பணிக்கு அழைக்கப்பட்டு, 1951 மே மாதம் கொரியக் கடற்கரையில் நின்றது. அத்தனை பெரிய கப்பலைப் புதிதாகக் கட்டியிருந்தால் பல ஆண்டுகள் பிடித்திருக்கும்.

விமானங்களுக்கு அரிசோனா மாநிலத்து டேவிஸ்-மான்தன் தளத்தைத் தேர்ந்தார்கள். பாலைநிலம், மழையும் ஈரமும் குறைவு. அங்கும் தொடக்க ஆண்டுகளில் பி-29 விமானங்கள் சிலவற்றை முழுவதும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்தார்கள். இன்று அங்கே கையாளும் முறை வேறு. விமானத்தின் மேற்பகுதியிலுள்ள கண்ணாடிகளையும் திறப்புகளையும் மட்டும், பின்னர் உரித்தெடுக்கக்கூடிய பூச்சால் மூடுகிறார்கள். அடியில் கருமையும் மேலே வெண்மையுமாகப் பூசுகிறார்கள். வெண்மை வெயிலைத் திருப்பியனுப்புவதால் உட்புறம் கொதிப்பதில்லை. விமானத்தின் அடிவயிற்றையோ திறந்தே விட்டுவிடுகிறார்கள், காற்று போய்வரவும் ஈரம் வடிந்து போகவும். எங்கே மூடுவது என்பதைப் போலவே எங்கே மூடாமல் விடுவது என்பதும் கற்கவேண்டிய ஒரு கலை போலும்!

இவையெல்லாம் தொலைநாட்டுக் கதை என்று எண்ணிவிட வேண்டா. சென்னைக்கு அருகிலுள்ள தொழிற்பேட்டைகளிலிருந்து மோட்டார் உறுப்புகள் கண்டெய்னர்களில் ஏறிக் கடல்கடந்து செல்கின்றன. கோடைக்காலத்து ஈரக்காற்றை உள்ளடக்கிப் பூட்டிய இரும்புப் பெட்டி, குளிர்நாட்டுக் கடலுக்குள் நுழையும்போது, நாம் மேலே போட்ட கணக்கே அங்கு நடக்கிறது. பெட்டியின் கூரையில் நீர் திரண்டு துளித்துளியாகச் சரக்கின்மேல் சொட்டும். துறைமுகத்தார் அதனைக் கண்டெய்னர் மழை என்கிறார்கள். அதற்காகவே அவ்வுறுப்புகள் ஆவித்தடுப்பி கலந்த நீல, மஞ்சள் நிறப் பாலிதீன் பைகளில் இடப்படுகின்றன. சேருமிடத்தில் அப்பைகள் மலைபோல் குவிவது உண்மை. பல உறுப்புகள் கலந்து வரும் அழுக்குப் பைகளை மீண்டும் உருக்கிப் பயன்படுத்துவது எளிதாக இல்லை என்பதும் உண்மை. எத்தில் செல்லுலோஸ் தோலை உரித்து மீண்டும் உருக்கிய சிக்கனம் இப்பைகளுக்கு இன்னும் வாய்க்கவில்லை.

துருவை ஆராய்வதற்கென்றே நம்மிடமும் ஓர் இடம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலை 25ஆம் நாள் ஜவஹர்லால் நேரு காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14ஆம் நாள் அது திறந்து வைக்கப்பட்டது. உலோக அரிப்பு அங்கு ஆராயப்படும் தலையாய பொருள்களுள் ஒன்று. அந்நிலையத்தின் கிளை ஒன்று இராமேசுவரத்தை நோக்கிய மண்டபத்தில், உப்புக்காற்று ஓயாத கடலோரத்தில் இருக்கிறது. பூச்சிட்ட தகடுகளையும் பூச்சில்லாத தகடுகளையும் அங்கே காற்றுக்கும் கடலுக்கும் காட்டி வைத்து, எது எத்தனை காலம் தாங்குகிறது என்று எடை பார்த்துக் குறித்து வருகிறார்கள்.